படத்தின் பின்னால் எழுதிய மணி

1

பெண்கள் சிறை
25.2.2024

அன்புள்ள தம்பி சபரிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். முட்டிவலி மட்டும் என்னைப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. நீ, ப்ரீத்தி, என் தங்கம் தேஜு மூவரும் சுகம்தானே?

பிப்ரவரிப் படம் கிடைத்தது. வழக்கம்போல ஆபீசில் உறையைப் பிரித்துப் பார்த்து, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பின்னால் "பிப்ரவரி 11, காலை 8.00" என்று நீ எழுதியதன் மேலேயே குத்திவிட்டார்கள். பரவாயில்லை, படிக்க முடிகிறது. அவுட்டோர் படம் எதுவானாலும் பின்பக்கம் தேதியும் மணியும் எழுதவேண்டும் என்று உன்னைத் திட்டித் திட்டிப் பழக்கியது வீண்போகவில்லை. முகத்துக்குக் காலை எட்டு, சேலைக்கு மாலையின் கடைசி அரைமணி, மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கு. பாஷாண் ஏரிக்கரையில் கல்யாண ஜோடிகளை நான் இப்படித்தானே விரட்டுவேன்? நீ கேமராவோடு நிற்பாய், முகத்தில் வெளிச்சம் விழ நான் தெர்மாகோல் பலகையைப் பிடித்துக்கொண்டு அதிகாரம் பண்ணுவேன். நல்ல காலம் அது.

தேஜு ஏன் முகத்தை உர்ரென்று வைத்திருக்கிறாள்? காலையிலேயே திட்டினாயா? மேல்வரிசையில் முன்பல் ஒன்றைக் காணோமே, எப்போது விழுந்தது? அந்த ஓட்டையையே ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துப் பாய்க்காரியிடம் காட்டினால் "உன்னை மாதிரியே முறைக்கிறா" என்கிறாள்.

நான் கேட்டபடி தலை முதல் கால்வரை எடுக்கிறாய், அதுவே போதும். வளர்த்தி தெரிகிறது. போனில் பேசவேண்டாம் என்று சொன்னவளும் நான்தான். மூன்று வருடத்துக்கு முன் ஒருமுறை போன் போட்டபோது அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டதே, அதை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது. மாதம் ஒரு படம் வரட்டும். அதை வைத்துக்கொண்டு முப்பது நாள் ஓட்டிவிடுவேன்.

பொங்கலுக்கு எழுதியதற்கு நீ பதிலே சொல்லவில்லை. மூன்று வருடம் முடித்தவர்களுக்கு விடுப்பு உண்டு, மனு போடலாம் என்கிறார்கள். ஆகஸ்டில் அவளுக்கு எட்டு வயது. அந்தப் பிறந்தநாளுக்கு நான் உன் வீட்டில் இருக்கவேண்டும். பொறுப்பேற்கும் உறவினர் என்று நீ ஒரு கடிதம் எழுதி அனுப்பவேண்டும், அவ்வளவுதான். அவளிடம் சொல்லிவிட்டாயா? என்ன சொன்னாள்?

ப்ரீத்தியை விசாரித்ததாகச் சொல். தேஜுவை நான் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
சியாமளா


2

பழைய சாங்வி, புனே
20.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முட்டிக்கு அங்கே டாக்டரிடம் சொல்லி மாத்திரை வாங்கிக்கொள். சும்மா இருந்துவிடாதே.

மார்ச் மாதப் படம் வைத்திருக்கிறேன். ஆற்றங்கரை மைதானத்தில் எடுத்தது. அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் தூக்கக் கலக்கம். எனக்குக் கல்யாண சீசன் ஆரம்பித்துவிட்டது. போசரியில் ஒரு பட்டறை முதலாளியின் மகன், லோஹேகாவில் ஒரு ஏர்ஃபோர்ஸ்காரர் பெண் என்று வாரம் இரண்டு ப்ரீ-வெட்டிங் ஷூட் வருகிறது. எல்லாருக்கும் சூரியன் மறையும்போதுதான் வேண்டுமாம். ஒரு நாளைக்கு ஒரு சூரியன்தான் மறைகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? நீ இருந்தால் வாயாலேயே சமாளித்திருப்பாய்.

தேஜுவுக்குப் பரீட்சை வருகிறது. நன்றாகப் படிக்கிறாள்.

ப்ரீத்தி உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி,
சபரி


3

பெண்கள் சிறை
14.4.2024

என் அன்புத் தம்பிக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். இங்கே இன்று பாயசம் கொடுத்தார்கள். பாயசத்தில் இரண்டு முந்திரி கிடைத்ததென்று ஒருத்தி நாள் முழுக்கப் பீற்றிக்கொண்டிருக்கிறாள். நான் நலம்.

உன் கடிதத்தில் ப்ரீத்தி கேட்டாள் என்று இருக்கிறது. தேஜு கேட்டாள் என்று இல்லை. கேட்காவிட்டால் பொய்யாக எழுதவேண்டாம். அவள் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான்கு வயதில் அவள் கண்ணெதிரே நான் செய்ததை நான் மறந்தாலும் அவள் மறக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதில் என்ன நியாயம்? ஆனால் நேரில் வந்து, எதுவும் பேசாமல், ஒரு தட்டில் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தால் போதும் என்று இருக்கிறது. பத்து நாள். தொடக்கூட மாட்டேன்.

பொறுப்புக் கடிதம் இன்னும் வரவில்லை. மனு மேஜையில் காத்திருக்கிறது. மறக்காதே.

மார்ச் படத்தில் நிழலெல்லாம் அழகாக இருக்கிறது. காலை ஒன்பதேகால் வெயில் இவ்வளவு இதமாகக் கிடைத்திருக்கிறது, உனக்கு யோகம்தான். பல் முளைக்க ஆரம்பித்ததா?

தேஜுவை நான் கேட்டதாகச் சொல். சொன்னால் மட்டும் போதும், பதில் வேண்டாம்.

அக்கா


4

புனே
19.5.2024

அன்புள்ள அக்கா,

நலம். நலமறிய ஆவல். ஏப்ரல் படம் அனுப்பத் தாமதமாகிவிட்டது. அதையும் மே படத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். ப்ரீத்திக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான். இப்போது தேவலை. இங்கே வெயில் கொளுத்துகிறது.

விடுப்பைப் பற்றி யோசித்தேன். இந்த வருடம் வேண்டாமே அக்கா. வெளிமாநிலம் என்றால் போலீஸ் வந்து வீட்டில் விசாரிப்பார்களாம். வீட்டுக்காரர் ஒரு மாதிரி. தேஜுவுக்கும் புது வகுப்பு. அடுத்த வருடம் பார்க்கலாம்.

தம்பி,
சபரி


5

பெண்கள் சிறை
2.6.2024

அன்புள்ள சபரிக்கு,

ப்ரீத்திக்கு என்ன? நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? எதுவாக இருந்தாலும் எழுது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்காரர் ஒரு மாதிரி என்று எழுதியிருக்கிறாய். அதே வீட்டுக்காரர்தான் ஊரில் நான் கைதானபோது, "பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வா பேட்டா, நான் இருக்கேன்" என்றார் என்று நீதான் எழுதினாய். சரி, அதை விடு.

மே படத்தைப் பற்றிக் கேட்கவேண்டும். "மே 12, மதியம் 12.40". யாரைக் கேட்டு மதியத்தில் எடுத்தாய்? கண் குழியெல்லாம் கறுத்துப்போகும், மூக்கு நிழல் மீசைபோல உதட்டில் விழும் என்று ஊரெல்லாம் போதித்த நமக்கா இந்தக் கதி? ஆனால் வேடிக்கை பார், அப்படி ஒன்றும் விழவில்லை. கண்ணில் வெளிச்சம் இருக்கிறது. பலகை பிடித்தது யார்?

இன்னொன்று. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் மதியம் முற்றத்தில் வரிசையில் நின்றேன். குனிந்தால் என் நிழலைக் காணோம், செருப்புக்கடியில் போய்விட்டது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும் அந்த நாள் இங்கே ஏப்ரல் கடைசியில் வந்தால் புனேக்கு மே நடுவில் வரும். வருடாவருடம் மொட்டைமாடியில் தண்ணீர் பாட்டிலை நிற்கவைத்து, நிழல் மறைகிறதா என்று நாம் இரண்டுபேரும் காலைச் சுட்டுக்கொண்டு பார்ப்போமே? ஆனால் தேஜுவின் நிழல் அவள் இடுப்புயரம் நீண்டு கிடக்கிறது. எப்படி?

சண்டைக்குக் கேட்கவில்லை. இங்கே எனக்கு வேறு என்ன வேலை?

தேஜுவை நான் கேட்டதாகச் சொல்.

அக்கா


6

புனே
30.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். ப்ரீத்திக்கு வெறும் காய்ச்சல்தான்.

நீ இன்னும் மாறவே இல்லை. அது அகல லென்ஸ், கீழே கிடப்பதை இழுத்துக் காட்டும். பலகையை ப்ரீத்தி பிடித்தாள். பின்னால் மணி எழுதும்போது அவசரத்தில் ஏதாவது தப்பாகவும் எழுதியிருப்பேன்.

ஜூன் படம் வைத்திருக்கிறேன், "ஜூன் 9, மாலை 6.25". பார், இதில் சிரிக்கிறாள். நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே. கொஞ்சம் ஆடியிருக்கிறது, மன்னித்துக்கொள். அவள் முன்னால் டிரைபாட் விரிப்பதில்லை, உனக்குத் தெரியும்தானே.

மழை ஆரம்பித்துவிட்டது. வேலை குறைவு.

தம்பி,
சபரி


7

பெண்கள் சிறை
21.7.2024

சபரி,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

பிப்ரவரியிலிருந்து ஜூன்வரை ஐந்து படங்களையும் தரையில் வரிசையாக வைத்தேன். சூரியன் எந்த மாதம் எத்தனை மணிக்கு பாஷாண் மலைக்குப் பின்னால் போகும் என்று நான்கு வருடம் நோட்டுப் போட்டு எழுதியவள் நான். அவுட்டோர் புக்கிங் எல்லாம் அந்த நோட்டை வைத்துத்தான் எடுத்தோம். ஜூன் மாதம் ஆறு இருபத்தைந்துக்குப் புனேயில் சூரியன் இன்னும் மேலே நிற்கும். மறைய ஏழைத் தாண்டும். நீ அனுப்பியதில் அது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தேஜுவின் முகம் முழுக்கச் செம்மண் நிறம், நிழல் மைதானத்தின் அந்தக் கோடிவரை ஓடுகிறது. அந்த மணிக்கு அப்படி மறைவது பிப்ரவரியில்தான்.

உடனே மே படத்தை எடுத்தேன். பிப்ரவரி மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு நிழல் எவ்வளவு இருக்கும்? அந்த இடுப்புயரம்தான். லென்ஸாம் லென்ஸ்! உனக்கு லென்ஸ் மாட்டக் கற்றுக் கொடுத்தவளிடமே கதை விடுகிறாயா?

நீ மணியைத் தப்பாக எழுதவில்லை. உனக்கு அது வராது. தேதியைத்தான் பொய்யாக எழுதியிருக்கிறாய்.

அதற்குப் பிறகு கடைசியாக அந்தப் பல்லைப் பார்த்தேன். பிப்ரவரியில் இருந்த அதே ஓட்டை ஜூனிலும் இருக்கிறது. ஒரு அரிசி அளவுகூட முளைக்கவில்லை. ஐந்து சட்டை மாற்றியிருக்கிறாய், ஐந்து இடம் மாற்றியிருக்கிறாய். ஐந்தும் ஒரே நாள்.

என் பிள்ளை எங்கே? பிப்ரவரி 11-க்குப் பிறகு அவளை எடுக்க உனக்கு ஏன் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை?

சியாமளா


8

பெண்கள் சிறை
18.8.2024

தம்பி,

நான்கு வாரமாகிவிட்டது. நாளை மறுநாள் அவள் பிறந்தநாள்.

திட்டமாட்டேன். அழமாட்டேன். உயிரோடு இருக்கிறாளா என்று மட்டும் எழுது. ஒரே வார்த்தை போதும்.

அக்கா


9

புனே
1.9.2024

அக்கா,

இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். இதை முதலில் படித்துக்கொள், பிறகு மற்றதைப் படி.

உன் ஜூலைக் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். ஏழெட்டுக் கடிதம் எழுதிக் கிழித்தேன். செத்துவிட்டாளோ என்று நீ நினைப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ரவிசந்திரனின் அண்ணன் கல்யாணசுந்தரமும் அவர் மனைவி விசாலமும் போன அக்டோபரில் இங்கே குடும்பக் கோர்ட்டில் கேஸ் போட்டார்கள். செத்துப்போன தம்பியின் பிள்ளை தங்களிடம்தான் வளரவேண்டும் என்று. அவர்களுக்குக் குழந்தை இல்லை. உன்னிடம் சொல்லவில்லை, ஜெயித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். ஜனவரி கடைசியில் தீர்ப்பு அவர்கள் பக்கம் போய்விட்டது. ஆம்பூருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். சிறைக்குக் கடிதமோ படமோ போகக்கூடாது என்று ஒப்புக்கொண்டுதான் ஒப்படைத்தேன். அவர்களும் எனக்குப் படம் அனுப்புவதில்லை. எப்போதாவது விசாலம் போனை எடுப்பாள், "நல்லாருக்கா, ஸ்கூலு போறா" என்பாள், வைத்துவிடுவாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு. சாயங்காலம் ஏழு மணிக்கு வண்டி வரும் என்றார்கள். எனக்கு உன் கடிதம்தான் ஞாபகம். மாதம் ஒரு படம் வந்தால் முப்பது நாள் ஓட்டிவிடுவேன் என்று எப்போதும் எழுதுவாயே. காலை ஆறரைக்கே அவளை எழுப்பினேன். உன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒரு நாள் வெயிலைப் பதினொரு மாதமாகப் பங்கு பிரித்தேன்.

முதல் பனி வெளிச்சம் டிசம்பருக்கு. எட்டு மணி பிப்ரவரிக்கே. ஒன்பதேகால் மார்ச், பத்தரை ஏப்ரல். மொட்டைமாடி உச்சிவெயில் மே. மழைக்கால வெளிச்சம் எப்படிக் கிடைக்கும்? பார்க்கிங் தூணுக்குப் பின்னால் நிழலில் ஒன்று, மேம்பாலத்தடியில் இரண்டு, மேகம் போட்டதுபோல வந்தது. பிறகு நாலு மணி, ஐந்து மணி என்று செப்டம்பர், அக்டோபர், நவம்பர். ப்ரீத்தி படிக்கட்டில் நின்று ஒவ்வொரு கவுனாக மாற்றிவிட்டாள். மே மாதத்துக்கு இடுப்புக்கு மேலே எடுத்துவிடலாம், நிழல் மாட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ கால் தெரியவேண்டும் என்பாயே. கால் இல்லாமல் எடுக்க மனசு வரவில்லை.

ஜூனுக்கும் தூணடியில் எடுத்ததைத்தான் வைத்திருந்தேன். நீ நிழலைக் கேட்டதும் பயந்து, சிரிக்கும் படத்தைப் பார்த்தால் விட்டுவிடுவாய் என்று நினைத்து அதை மாற்றி அனுப்பினேன். தேதியைப் பொய்யாக எழுத முடிந்தது. மணி எழுதும்போது கை தானாக நிஜத்தை எழுதிவிட்டது. உன்னிடம் வேலை பார்த்த கை.

மிச்சம் இருப்பதை எல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன். ஜூலை முதல் டிசம்பர்வரை. இனி என்னிடம் ஒன்றும் இல்லை. மன்னித்துவிடு.

சபரி


10

பெண்கள் சிறை
22.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் ப்ரீத்தியும் நலமாக இருக்கவேண்டும். நான் இருக்கிறேன்.

இருக்கிறாள் என்ற வார்த்தையைப் படித்துவிட்டு அன்று முழுக்க மற்றதைப் படிக்கவில்லை. நீ செய்தது தப்பு. ஆனால் எனக்காக ஒரு நாளைப் பதினொரு துண்டாக வெட்டிய இன்னொரு ஆளும் உலகத்தில் இல்லை. திட்ட வாய் வரவில்லை, போ.

உறையைப் பிரித்ததும் படங்களைக் கவிழ்த்தே வைத்துப் பின்பக்கத்தை மட்டும் பார்த்தேன். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்றையும் எடுத்துக்கொண்டேன். அக்டோபரைப் பாய்க்கடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன், ஒன்றாம் தேதி திருப்புவேன். நவம்பரும் டிசம்பரும் என்னிடம் இருந்தால் கை சும்மா இருக்காது. இரண்டையும் முகம் பார்க்காமலே திருப்பி அனுப்புகிறேன். நவம்பரில் நவம்பரை அனுப்பு. டிசம்பரில் டிசம்பரை அனுப்பு. முன்னால் அனுப்பிவிடாதே. பொய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தந்த மாதத்தில் வரட்டும்.

இப்போது உண்மையைச் சொல். மூன்று வருடம் உன் வீட்டில் வளர்ந்த ஏழு வயதுப் பிள்ளையை, அவளைக் கேட்காமல் எந்த ஜட்ஜும் வேறு கையில் கொடுக்கமாட்டார். இங்கே பாதிப்பேருக்குப் பிள்ளை கேஸ் நடந்திருக்கிறது, எனக்கும் சட்டம் கொஞ்சம் தெரியும். அவளை என்ன கேட்டார்கள்? என்ன சொன்னாள்? ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுது.

தேஜுவை நான் கேட்டதாகச் சொல் என்று இத்தனை மாதமும் காற்றுக்குத்தான் சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் கை எழுதப் போகிறது.

அக்கா


11

புனே
13.10.2024

அன்புள்ள அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? ப்ரீத்தி இதை எழுதவேண்டாம் என்று அழுகிறாள். நீ கேட்டுவிட்டாய், எழுதுகிறேன்.

டிசம்பர்வரை கேஸ் நம் பக்கம்தான் இருந்தது. யார் கேட்டாலும் தேஜு "மாமாகிட்டதான் இருப்பேன்" என்றாள். பொங்கலுக்கு உன் கடிதம் வந்தது. விடுப்பு கிடைக்கும், பிறந்தநாளுக்கு வருவேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷத்தில் அதை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "அம்மா வரப் போறாங்க, நம்ம வீட்டுக்கு" என்றேன்.  போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் ப்ரீத்தியிடம் கேட்டிருக்கிறாள்: "அத்தை, மம்மி வந்தா இந்த வீட்டுக்குத்தான் வருவாங்களா? பெரியம்மா வீட்டுக்கு வர மாட்டாங்கல்ல? அப்ப நான் அங்க போறேன்."

அடுத்த வாரம் ஜட்ஜம்மா தன் அறையில் தனியாக உட்காரவைத்து விசாரித்தபோதும் அதையேதான் சொன்னாளாம். மாமா நல்லவர், அத்தை நல்லவர், ஆனால் மம்மி இங்கேதான் வருவாங்க. வக்கீல் மேலே அப்பீல் போகலாம் என்றார். நான் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோர்ட் பிடுங்கிக் கொடுத்தது என்று போன கடிதத்தில் எழுதியது பாதிதான் நிஜம். பிள்ளை ராத்திரியெல்லாம் கண்ணை மூடாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தால் நான் என்ன செய்வேன்?

அந்த லைட் ஸ்டாண்டை எடுத்து நீ அடிக்காவிட்டால் ரவிசந்திரன் அவள் தலையைச் சுவரில் மோதியிருப்பான் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அவளுக்குச் சுவர் ஞாபகம் இல்லை. ஸ்டாண்டுதான் ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அன்று காலை முதல் படம் எடுத்து முடித்ததும், "இது யாருக்கு மாமா?" என்றாள். அம்மாவுக்கு என்றேன். அதன்பிறகு நாள் முழுக்கச் சொன்னபடி நின்றாள், சிரிக்கவில்லை. அந்த ஆறு இருபத்தைந்து படத்தில் சிரிக்கிறாளே, அது கேமராவைப் பார்த்து இல்லை. சொன்ன நேரத்துக்கு முன்பே கல்யாணசுந்தரத்தின் வண்டி மைதானத்துக்குள் வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

நவம்பர், டிசம்பர் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. நீ சொன்னபடியே அனுப்புகிறேன்.

சபரி


12

பெண்கள் சிறை
5.1.2025

அன்புள்ள தம்பி சபரிக்கு,

புது வருடத்தில் உனக்கும் ப்ரீத்திக்கும் நல்லது நடக்கட்டும். முட்டிவலிக்கு ஊசி போட்டார்கள், தேவலை.

உன் அக்டோபர் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? நவம்பர் படம் நவம்பரில் வந்தது. டிசம்பர் படம் டிசம்பரில் வந்தது. கூடவே கடிதம் வைக்காமல் விட்டாய், அதுவும் நல்லதுதான்.

டிசம்பர் படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். "டிசம்பர் 15, காலை 7.10". நீ சொன்ன பொய்களில் தேறுவது இது ஒன்றுதான். டிசம்பரிலும் புனேயில் சூரியன் கிட்டத்தட்ட அதே நேரத்துக்குத்தான் தலைகாட்டும். ஆற்றுப் பக்கம் பனி, மொட்டைமாடி முழுக்க நீண்ட மெல்லிய நிழல், கன்னத்தில் சூடே இல்லாத மஞ்சள். நோட்டோடு வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. அதனால் இதை மட்டும் நம்பிக்கொள்கிறேன். இது போன மாதம் எடுத்த படம்.

தலைகூட வாராமல் நிற்கிறாள். ஸ்வெட்டர் பட்டன் ஒன்று மாறிப்போட்டிருக்கிறது. எதற்கு எழுப்பினாய் என்று தெரியாமல் கேமராவையே பார்க்கிறாள். யாருக்கு என்று உன்னைக் கேட்பதற்கு முன்னால் எடுத்தது இது ஒன்றுதானே? பதினொரு படத்தில் இந்த ஒன்றில்தான் என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. கடைசியாக வரவேண்டும் என்று நீ எடுத்துவைத்ததுதான் முதலில் எடுத்தது. அடுத்த ஐம்பது நிமிடத்தில், எட்டு மணிப் படத்தில், அந்த முகம் போய்விட்டது. நான் என்னவோ உர்ரென்று இருக்கிறாளே என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தேன்.

விடுப்பு மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இனி எந்த வருடமும் போடுவதாக இல்லை. நீ ஒரு உதவி செய்யவேண்டும். விசாலம் அடுத்த தடவை போனை எடுக்கும்போது சொல். சியாமளா எங்கேயும் வரமாட்டாள், உங்கள் வீட்டுக்கும் வரமாட்டாள், எழுதியே கொடுத்துவிட்டாள் என்று சொல். அதைத் தேஜு காதில் விழும்படி ஒருமுறை சத்தமாகப் பேசச் சொல். பிள்ளை கதவைப் பார்க்காமல் தூங்கட்டும்.

படங்களை மாத வரிசையிலிருந்து கலைத்து மணி வரிசையில் அடுக்கிவிட்டேன். ஏழு பத்தில் ஆரம்பித்து ஆறு இருபத்தைந்தில் முடிகிறது. தினமும் ஒருமுறை பார்ப்பேன். கடைசிப் படம் வரும்போது எனக்குத் தெரியும், வண்டி வந்துவிட்டது.

இனி நீ மாதாமாதம் எழுதவேண்டாம். தோன்றும்போது எழுது. ப்ரீத்தியைக் கேட்டதாகச் சொல். வீட்டுக்காரரையும் கேட்டதாகச் சொல்.

தேஜுவை நான் கேட்டதாக யாரும் அவளிடம் சொல்லவேண்டாம்.

உன் அக்கா,
சியாமளா